மெல்லும்போது மேலே ஏறும் இமை: எந்த அறுவை, எப்போது, எந்தக் கண்ணில்?

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மூன்றரை வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது இமை தொங்கியிருக்கிறது. சாப்பிடும்போதும் பால் உறிஞ்சும்போதும் அந்த இமை மட்டும் சட்டென்று மேலே ஏறி இறங்குகிறது. ஒரு மருத்துவர், இமையைத் தூக்கித் தைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர், இமைத் தசையை வெட்டி இமையை நெற்றியோடு இணைக்க வேண்டும், நல்ல கண்ணிலும் செய்தால்தான் இரண்டும் சமமாகத் தெரியும் என்கிறார். தஞ்சாவூரில் இருக்கும் மாமியார், வளர வளரச் சரியாகிவிடும், கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதற்கு முன்பே அறுவையை முடித்துவிடலாமா, சிங்கப்பூரில் எங்கே போவது என்று கேட்கிறார்.

அம்மா, நான் சிறுவர் கண் பிரிவிலும் அறுவைக்கூடத்திலும் நீண்ட காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகளைப் பரிசோதித்த மருத்துவரின் இடத்தில் நான் இல்லை. ஆனால் இதே நிலையில் வந்த பிள்ளைகளையும், இதே குழப்பத்தோடு நின்ற பெற்றோரையும் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கவலை இமையைப் பற்றியது அல்ல. எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்த இடது கண்ணுக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. யாரும் உங்களிடம் சொல்லவில்லையா, சொல்லியும் அறுவைப் பேச்சில் காதில் விழாமல் போயிற்றா, தெரியவில்லை. எப்படியிருந்தாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

பிறவியிலேயே இமை தொங்கும் பிள்ளைகளில் 100க்கு 2 முதல் 13 பேருக்கு, தாடை அசைந்தால் இமை ஏறும் இந்தத் தாடைத் தொடர்பு இருப்பதாகக் கண் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ராபர்ட் மார்கஸ் கன் என்ற ஸ்காட்லாந்துக் கண் மருத்துவர் 1883ல் 15 வயதுப் பெண் ஒருத்தியிடம் இதைக் கண்டு விவரித்தார். அதனால்தான் உங்கள் அறிக்கையில் மார்கஸ் கன் என்ற பெயர் இருக்கும். இமையைத் தூக்கும் தசைக்கு மூளையிலிருந்து மூன்றாவது நரம்பு வர வேண்டும். தாடையை அசைக்கும் தசைகளுக்கு ஐந்தாவது நரம்பு வர வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கருவில் வளரும்போதே, தாடைக்குப் போக வேண்டிய நரம்பிழைகளில் சில வழி மாறி இமைத் தசைக்கு வந்துவிடுகின்றன. அதனால் தாடைக்குப் போகும் கட்டளை இமைக்கும் போகிறது. பெரும்பாலும் வாயைத் திறக்கும்போதும், தாடையை முன்னால் தள்ளும்போதும், எதிர்ப்பக்கமாக நகர்த்தும்போதும் இமை ஏறும். உங்கள் மகளுக்கு இடது இமை என்பதால், தாடையை வலப்பக்கம் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள், தெரியும். பல்லைக் கடிக்கும்போது இமை ஏறும் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் குறைவு.

இது நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது அல்ல. கண்ணேறு அல்ல. வலிப்பு அல்ல, மூளைக் கட்டியும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருக்காது. பரம்பரையாக வந்த குடும்பங்கள் மிகச் சிலவே. அடுத்த பிள்ளைக்கும் வருமோ என்று பயந்து நாளைத் தள்ளிப்போடும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பயம் தேவையில்லை.

இனி பார்வை. இமை தொங்கும் கண் இரண்டு மூன்று வழிகளில் கெடலாம். இமை கண்மணியையே மூடினால் வெளிச்சமும் உருவமும் உள்ளே போகாது. மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமல் விட்டுவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். ஆனால் இமை கண்மணியை மூடாத பிள்ளைகளுக்கும் சோம்பேறிக் கண் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொங்கும் இமையுள்ள கண்ணில் சிதறல் பார்வையோ (கருவிழியின் வளைவு சீராக இல்லாமல் உருவம் மங்குவது), இரண்டு கண்களுக்கும் பவர் வித்தியாசமோ அடிக்கடி இருக்கும். மார்கஸ் கன் பிள்ளைகளிடம் மாறுகண்ணும் அதிகம். வெளியான பல ஆய்வுகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாறுகண்ணும், 30 முதல் 60 சதவீதத்தினருக்குச் சோம்பேறிக் கண்ணும் இருந்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் காலக்கெடு உண்டு. ஏறக்குறைய ஏழு எட்டு வயதுக்குள் கவனித்தால் பார்வையை நன்றாக மீட்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கடினமாகும். இமையை 20 வயதிலும் தூக்கலாம். 20 வயதில் இமையைத் தூக்கினாலும், மூளை பழகாத பார்வை திரும்பி வராது. உங்கள் மாமியார் அன்போடுதான் சொல்கிறார். ஆனாலும் கல்யாண வயது வரை காத்திருக்கலாம் என்பதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

எனவே அடுத்த முறை போகும்போது, சொட்டுமருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பவர் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு கண்ணின் பார்வையையும் தனித்தனியாக அளந்தார்களா என்று கேளுங்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் படம் காட்டியோ எழுத்தைப் பொருத்தச் சொல்லியோ அளக்கலாம். கண்ணாடி வேண்டுமென்றால் இப்போதே போட வேண்டும். நல்ல கண்ணை மறைத்து ஒட்டும் பேட்ச் வேண்டுமென்றால் அதையும் இப்போதே தொடங்க வேண்டும். மிதமான சோம்பேறிக் கண்ணுக்குத் தினம் 2 மணி நேரம் மறைப்பது 6 மணி நேரம் மறைப்பதற்கு ஈடாகவே பலன் தருகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2003ல் காட்டியது. அதனால் நாள் முழுவதும் அழவைக்கத் தேவையில்லை. எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்வார். அவர் சொன்ன நேரத்தை ஒரு நாளும் விடாமல் பின்பற்றுவதுதான் உங்கள் வேலை.

இப்போது அறுவைக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இமை தொங்குவது ஒன்று, இமை துள்ளுவது இன்னொன்று. ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைச் சரிசெய்யாது. சில சமயம் மோசமாக்கும். நீங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களும் வேறு வேறு பதில் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். முதலாமவர் தொங்கலைப் பார்த்திருக்கிறார், இரண்டாமவர் துள்ளலைப் பார்த்திருக்கிறார். அன்று மருந்தகத்தில் பிள்ளை எவ்வளவு வாயைத் திறந்தாள் என்பதைப் பொறுத்துக்கூட அந்த முடிவு மாறியிருக்கலாம். புதிய இடத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் மடியில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளையிடம் துள்ளலை யார்தான் அளக்க முடியும்?

அதனால் வீட்டிலேயே வீடியோ எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், முகத்துக்கு நேராக, கண் மட்டத்தில் போனை வைத்து எடுங்கள். அவள் தோசை மெல்லும்போது, ஸ்ட்ராவில் மைலோ உறிஞ்சும்போது, பாடும்போது, ஒன்றும் செய்யாமல் கார்ட்டூன் பார்க்கும்போது என்று தனித்தனியாக எடுங்கள். மாலையில் களைத்திருக்கும்போதும் ஒன்று எடுங்கள். தூங்கும்போது இமை முழுவதும் மூடுகிறதா என்பதையும் எடுங்கள், அது பிறகு உதவும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சப்பும் மிட்டாய் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

மருத்துவர் மூன்று அளவுகள் எடுப்பார். கண்ணில் டார்ச் அடித்தால் கருவிழியில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது முதல் அளவு. சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். அடுத்தது, புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொன்னால் இமை எவ்வளவு நகர்கிறது என்பது. நல்ல தசை 12 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தும். 4 அல்லது அதற்குக் குறைவு என்றால் பலவீனமான தசை. இதை எடுக்கும்போது தாடை அசையக்கூடாது. அசைந்தால் பலவீனமான தசையும் பலசாலிபோலத் தோன்றி, தவறான அறுவையைத் தேர்ந்தெடுக்க வைத்துவிடும். மூன்றாவது, துள்ளலின் உயரம். 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் லேசானது, 2 முதல் 5 வரை நடுத்தரம், 5க்கு மேல் கடுமையானது. இந்த மூன்று எண்களையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவை கையில் இருந்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் எளிது.

துள்ளல் லேசானது, பார்ப்பவர் கண்ணில் படாதது என்றால் முதல் மருத்துவர் சொன்னது சரி. தொங்கலுக்கு மட்டும் செய்தால் போதும். தசைக்கு ஓரளவு வலு இருந்தால் அதைச் சுருக்கித் தைத்து இமையை உயர்த்துவார்கள். பிள்ளையின் சொந்தத் தசையே தொடர்ந்து வேலை செய்யும், இமைப்பதும் இயல்பாக இருக்கும்.

துள்ளல் நடுத்தரமோ கடுமையோ என்றால் இதே அறுவை ஏமாற்றம் தரும். இமை இப்போது தாழ்ந்து நிற்பதால், துள்ளும்போது அது மற்றக் கண்ணின் உயரத்துக்கு வந்துவிட்டு இறங்குகிறது. அந்தத் தசையை அப்படியே சுருக்கி இமையை மேலே நிறுத்தினால், துள்ளல் அங்கிருந்து தொடங்கும். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும்படி கண் விழிக்கும். தொங்கல் போய், துள்ளல் எல்லோர் கண்ணிலும் படும். சின்ன அறுவை என்று நினைத்துச் செய்துவிட்டுப் பிறகு பெரிய அறுவைக்கு வரும் குடும்பங்கள் இப்படித்தான் வருகின்றன.

அதனால் துள்ளலை நிறுத்த வேண்டுமென்றால், வழி மாறிய நரம்பு வந்து சேரும் அந்தத் தசையின் தொடர்பை இமையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவது மருத்துவர் சொன்னது இதைத்தான். பொது மயக்கத்தில் இமை மடிப்பின் கோட்டிலேயே கீறி, கொழுப்புக்கு அடியில் இருக்கும் தசையைக் கண்டுபிடித்து, இமையின் உள்தகட்டிலிருந்து பிரித்து, ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். லேசாக அறுத்துவிட்டு நிறுத்தினால் தசை மீண்டும் ஒட்டிக்கொண்டு துள்ளல் திரும்பும். அதனால் போதுமான நீளத்துக்கு, ஆழமாகப் போய் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு அந்த இமை தானாக எழாது. இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். இந்தப் படியிலிருந்து பின்வாங்க முடியாது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் நீங்களும் உங்கள் கணவரும் நன்றாக உள்வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழாத இமையை யார் தூக்குவது? நெற்றித்தசை. நாம் வியக்கும்போது புருவத்தை உயர்த்தும் அதே தசை. புருவத்துக்கு மேலே சின்னச் சின்னக் கீறல்கள் போட்டு, தோலுக்கு அடியில் ஒரு பட்டையை இமைக்குள் கொண்டுபோய் மீண்டும் புருவத்துக்குக் கொண்டுவந்து கட்டுவார்கள். உத்தரத்தில் கட்டிய தூளிபோல இமை நெற்றியிலிருந்து தொங்கும். அதனால்தான் இதற்கு ஸ்லிங் என்று பெயர். பிள்ளை புருவத்தைத் தூக்கினால் இமை எழும், தளர்த்தினால் இறங்கும். தாடைக்கும் நெற்றித்தசைக்கும் அந்த வழி மாறிய தொடர்பு இல்லை என்பதால் மெல்லும்போது இமை துள்ளாது. சிறு மிச்சத் துள்ளல் சிலருக்கு இருக்கும்.

எந்தப் பட்டை என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் கேட்பதில்லை. அவசியம் கேளுங்கள். பிள்ளையின் தொடையின் வெளிப்பக்கத்தில் தசையைச் சுற்றி ஃபேஸியா லாட்டா என்ற வெள்ளை நார்ப்பட்டை இருக்கிறது. அதில் மெல்லிய கீற்றை எடுத்துப் பயன்படுத்துவதே நெடுங்காலம் நிலைப்பது. சொந்த உடலின் பொருள் என்பதால் உடல் அதை ஏற்றுக்கொள்கிறது. டொராண்டோவின் கிராஃபோர்டு 1956ல் இந்த முறையை விவரித்தார், இன்றும் அதுதான் அளவுகோல். ஆனால் தொடையில் எடுக்கும் அளவுக்குப் பட்டை வளர்ந்திருக்க வேண்டும். பொதுவாக 3, 4 வயதுக்கு மேல்தான் எடுப்பார்கள். முழங்காலுக்கு மேலே சிறு தழும்பு நிற்கும், சில நாள் நடக்கும்போது வலிக்கும். சிலிகான் இழை என்றால் தொடையைத் தொட வேண்டாம், நெகிழ்வானது, பிறகு இறுக்கவோ தளர்த்தவோ முடியும். ஆனால் வருடங்கள் போகப்போக இமை மீண்டும் இறங்கும் வாய்ப்பு அதில் அதிகம். சிலருக்குத் தோல் வழியே வெளியே தலைகாட்டும், கிருமித்தொற்றும் வரலாம். கைக்குழந்தைக்குக் கண்மணி முழுவதும் மூடியிருந்தால் பார்வையைக் காப்பாற்ற உடனே சிலிகான் போட்டு, வளர்ந்த பின் தொடைப் பட்டைக்கு மாற்றுவார்கள். உங்கள் மகளுக்கு மூன்றரை வயது. கண்மணி மூடவில்லை என்றால் இன்னும் சில மாதம் பொறுத்து, தொடைப் பட்டைக்கே போகலாமா என்று நான் கேட்பேன்.

பட்டை எதுவும் வைக்காமல் நெற்றித்தசையிலிருந்தே ஒரு மடலைக் கீழே இறக்கி இமையோடு தைப்பவர்களும் உண்டு. இமைத் தசையை வெட்டி எறியாமல் அதன் முனையையே நெற்றித்தசையோடு இணைப்பவர்களும் உண்டு. எந்த முறையில் உங்கள் மருத்துவரின் கை பழகியிருக்கிறதோ அது முக்கியம். இந்தத் தாடைத் தொடர்புள்ள இமைக்கு நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இனி உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி: நல்ல கண்ணில் கை வைக்கலாமா? 1965ல் குரோவெல் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர், இரண்டு கண்களிலும் தசையை எடுத்து இரண்டு பக்கமும் ஸ்லிங் போட வேண்டும் என்று முன்வைத்தார். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அதில் நியாயம் உண்டு. ஸ்லிங் போட்ட இமை கீழே பார்க்கும்போது கூடவே இறங்காது, இமைப்பதும் முழுமையாக இருக்காது. ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் வித்தியாசம் தெரியும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் தெரியாது. பிறகு கலஹன் என்பவர் நடுவழி ஒன்று சொன்னார்: கெட்ட பக்கத் தசையை மட்டும் எடு, நல்ல தசையை விட்டுவிடு, ஸ்லிங்கை மட்டும் இரண்டு பக்கமும் போடு. இதையும் பல இடங்களில் செய்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் செய்து திருப்தியான முடிவு கண்டவர்களும் நிறைய. இதில் மருத்துவ உலகமே ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உங்கள் இரண்டாவது மருத்துவர் சொன்னது அங்கீகரிக்கப்பட்ட ஒரு வழி என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் என் மனசு ஒரு பக்கத்தில்தான் நிற்கிறது. நலமாக இருக்கும் கண்ணின் நலமான தசையை வெட்டுவதை உங்கள் மகளின் இடத்தில் என் பேத்தி இருந்தால் நான் அனுமதிக்கமாட்டேன். முதலில் கெட்ட பக்கம் மட்டும் செய்யட்டும். அது ஆறி, பிள்ளை புருவத்தைப் பயன்படுத்தப் பழகிய பிறகும் சமமின்மை உறுத்தினால், மறுபக்கம் ஸ்லிங் போடுவதைப் பற்றி அப்போது பேசலாம். அது திறந்தே இருக்கும் கதவு. வெட்டிய நல்ல தசையைத் திரும்பத் தர யாராலும் முடியாது.

இந்த ஒரு பக்க முடிவு வெற்றி பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அங்கேதான் பார்வை மறுபடியும் வருகிறது. ஒரு கண்ணுக்கு மட்டும் ஸ்லிங் போட்ட பிள்ளை அந்தப் புருவத்தை ஏன் தூக்க வேண்டும்? அந்தக் கண்ணால் பார்க்க மூளை விரும்பினால் மட்டுமே தூக்கும். சோம்பேறிக் கண்ணாக இருந்து, மற்றக் கண்ணாலேயே எல்லாம் நடந்துவிட்டால், நெற்றி அசையாது, இமை மறுபடி தாழ்ந்தே கிடக்கும். அறுவையில் ஒரு குறையும் இல்லாதபோதும் தோற்றுப்போனதாகத் தெரியும். அதனால் கண்ணாடியும் பேட்ச்சும் அறுவைக்கு முந்திய வேலையின் பாதி. பேட்ச் போட்ட நேரத்தில் பிள்ளை இடது புருவத்தைத் தூக்கிப் பார்க்க முயல்கிறாளா என்று கவனியுங்கள். தூக்கினால் நல்ல அறிகுறி, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு முன்நிபந்தனை மாறுகண். இந்தப் பிள்ளைகளில் சிலருக்குக் கண்ணை மேலே உருட்டும் தசையும் பலவீனமாக இருக்கும். கண் தாழ்ந்து நின்றால் இமையும் கூடுதலாகத் தாழ்ந்து தெரியும். மேல் கீழ் மாறுகண் இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்வார்கள், இமை பிறகு. மேலும், தூங்கும்போது இமைக்கு உள்ளே விழி மேலே உருள்வது ஒரு பாதுகாப்பு. அது நடக்காத பிள்ளைக்கு இமையை அதிகம் தூக்கினால் கருவிழி காய்ந்து புண்ணாகும். அப்படிப்பட்டவர்களுக்கு இமையைக் கொஞ்சம் தாழ்வாகவே நிறுத்துவார்கள். அழகு குறைகிறதே என்று வற்புறுத்தாதீர்கள்.

ஸ்லிங் போட்ட பிறகு தூக்கத்தில் கண் முழுவதும் மூடாது. அரைக்கண் திறந்தபடி தூங்குவாள். முதல் இரவு அதைப் பார்த்துப் பல தாய்மார்கள் அழுதிருக்கிறார்கள். இது எதிர்பார்த்ததுதான், மாதங்கள் போகப்போகக் குறையும், சிறிதளவு நிலைத்தும் இருக்கலாம். இரவில் களிம்பு, பகலில் செயற்கைக் கண்ணீர். எவ்வளவு நாள் என்று மருத்துவர் சொல்லும்வரை ஓர் இரவுகூட விடக்கூடாது. குளிர்சாதனக் காற்றும் விசிறிக் காற்றும் முகத்தில் நேராக அடிக்கக்கூடாது. நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு அறைகளில் கட்டிலுக்கு நேர் மேலேதான் பெரும்பாலும் ஏர்கான் இருக்கும், அறுவைக்கு முன்பே கட்டிலை நகர்த்திவிடுங்கள். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பிள்ளை கண்ணைத் திறக்க மறுத்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள். வீக்கம் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், இமையின் உயரத்தை அதற்குள் மதிப்பிட வேண்டாம்.

சிங்கப்பூரில் எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, ஊட்ரமில் சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலையம், கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்கிறார்கள். இமை அறுவை தனிச் சிறப்புத்துறை. சிறுவர் கண் மருத்துவரும் இமை அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் நிரந்தரவாசிகள், பிள்ளையும் அப்படியே என்றால், 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்பீடு அவளுக்கும் உண்டு, பிறவிக் குறை என்பதற்காக அது விலக்காது. ஆனால் அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டும் கிடையாது. இங்கேதான் நான் சொன்ன அந்த மூன்று அளவுகளும், பார்வைப் பரிசோதனையும், படங்களும் பதிவில் இருப்பது உதவும். இது பார்வைக்கான அறுவை என்பதற்கு அவையே சான்று. தேதி குறிக்கும் முன் மருத்துவமனையின் கட்டண ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கஷ்டம் என்றால் மருத்துவச் சமூக ஊழியரைக் கேளுங்கள், தயங்காதீர்கள். வேலை அனுமதியில் இருக்கும் குடும்பங்கள், நிறுவனக் காப்பீட்டில் பிறவிக் குறைகளுக்கு விலக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையில் சங்கர நேத்ராலயாவிலோ மதுரையில் அரவிந்திலோ செய்யலாமா என்று பலரும் நினைப்பதுண்டு. திறமையில் குறைவில்லாத இடங்கள். ஆனால் இது ஒரு நாளில் முடியும் வேலை அல்ல. முதல் சில வாரங்கள் கருவிழியைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், பிறகு வருடக்கணக்கில் கண்ணாடியும் பேட்ச்சும் தொடரும். யார் அறுவை செய்கிறாரோ அவரே பின்னாலும் பார்ப்பது நல்லது. ஊரில் தங்கியிருக்க முடியும் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்பிள்ளை, சாப்பிடும்போது ஒரு கண் இமைக்கிறது என்றால் நம் வீடுகளில் உடனே, ஏன் கண்ணடிக்கிறாய் என்று யாராவது சிரிப்பார்கள் அல்லது அதட்டுவார்கள். விருந்தாளி முன்னால் மெதுவாகச் சாப்பிடு, வாயைச் சின்னதாகத் திற என்பார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைகள் வளரும்போது எந்தப் பக்கம் மென்றால் இமை துள்ளாது என்று தாங்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். தானாகச் சரியாகிவிட்டது என்று பெரியவர்கள் நினைப்பது பல நேரம் இதைத்தான். நரம்பின் தொடர்பு அப்படியே இருக்கிறது, பிள்ளை அதை மறைக்கக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். தானாகக் கற்றுக்கொள்வது வேறு, வெட்கப்பட்டு நான்கு பேர் முன்னால் சாப்பிடாமல் இருப்பது வேறு. பாலர் பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பிறவியிலேயே தாடை நரம்பும் இமை நரம்பும் சேர்ந்திருக்கின்றன, வலிக்காது, தொற்றாது. மகளுக்கும் இதே இரண்டு வரியைச் சொல்லிக்கொடுங்கள். தொடக்கநிலை 1 சேரும்போது யாராவது கேட்டால் பதில் சொல்ல அவளிடம் வார்த்தை இருக்க வேண்டும்.

தொடக்கநிலை 1க்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது நல்ல இலக்குதான். உங்களுக்கு அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. டிசம்பர் பயணத்துக்கு முன் அவசரமாகச் செய்ய வேண்டாம். இமை கண்மணியை மூடுகிறது, பார்வை குறைந்துகொண்டு போகிறது என்று மருத்துவர் சொன்னால் மட்டும் கதை வேறு. அப்போது பயணத்தைத் தள்ளிவையுங்கள். இல்லையென்றால் இப்போது பவர் பரிசோதனையை முடித்து, கண்ணாடியும் பேட்ச்சும் தொடங்கி, ஊருக்குப் போய்வாருங்கள். அறுவையான புதிதில் தூசியும் நீண்ட பயணமும் கூட்டமும் வேண்டாம், நீச்சலும் சில வாரம் வேண்டாம், பரிசோதனைகளும் தவறக்கூடாது. அதனால் திரும்பி வந்த பிறகு தேதி வாங்குவதே நல்லது. தஞ்சாவூரில் இருக்கும் நாட்களிலும் பேட்ச் நிற்கக்கூடாது. எத்தனை நாளோ அத்தனைக்கும் போதுமான அளவு எடுத்துப்போங்கள். பாட்டியிடமே அந்தப் பேட்ச் நேரத்தை ஒப்படையுங்கள். பேத்தியை உட்காரவைத்துக் கதை சொல்லவும் படம் வரையவைக்கவும் அவரைவிடப் பொறுமையானவர் வேறு யாரும் கிடைக்கமாட்டார். எதற்காக ஒட்டுகிறோம் என்றும் அவருக்கு அப்போது விளக்கிச் சொல்லுங்கள்.